நகரை ஓட்டிய நெருப்பு – 14: மதுவிலக்குச் சட்டத்துக்குள் ஓர் எரிபொருள்

சென்னையில் முதன்முதலில் மோட்டார் கார் வைத்திருந்தவர் பாரி கம்பெனியின் இயக்குநர் ஏ.ஜே. யார்க் என்று நகர வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் காலம். அடையாற்றங்கரையில் பென்ஸ் கார்டன் பங்களா. அங்கிருந்து பாரிமுனை அலுவலகத்துக்கு அவர் தினமும் காரில் போய் வந்தாராம். அந்தத் தலைமுறை மதராஸ் கார்கள் டின் டின்னாக அடைத்து வந்த பெட்ரோலை நம்பியிருந்தன. யார்க்கின் கம்பெனியோ நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் கரும்பாலை நடத்தி வந்தது. 1897-இல் அந்தத் தொழில் 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபாக்டரீஸ்' என்ற பெயரில் தனி நிறுவனமாயிற்று. சர்க்கரையும் சாராயமும் ஒரே கூரையின் கீழ். ஜெர்மனியிலும் பிரான்சிலும் அதே ஆண்டுகளில் சாராயத்தில் ஓடும் இன்ஜின்களுக்குக் கண்காட்சிகள் நடந்துகொண்டிருந்தன. ஆக, வண்டி ஓட்டத் தெரிந்தவர், சாராயம் வடிக்கத் தெரிந்த கம்பெனி, சாராயத்தில் வண்டி ஓடும் என்ற செய்தி மூன்றும் இந்த ஊரில் ஒரே காலத்தில் இருந்தன. ஆனாலும் கரும்பாலைக் கழிவிலிருந்து வடித்த ஆல்கஹால் சென்னையின் பெட்ரோல் பங்க்குக்கு வந்து சேர நூறு ஆண்டு ஆயிற்று. அந்த நூறு ஆண்டுதான் இந்த அத்தியாயம்.

முதலில் அந்தக் கழிவைக் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம். கரும்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, மணி கட்டவிட்டு, சுழலும் யந்திரத்தில் போட்டுச் சர்க்கரையைப் பிரிக்கிறார்கள். பிரிந்த பாகை மறுபடி காய்ச்சி மறுபடி சுழற்றுகிறார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு, இனி எவ்வளவு காய்ச்சினாலும் மணி கட்டாது என்ற நிலையில் வெளியே வழிவதுதான் மொலாசஸ். நல்ல கறுப்பு. தொட்டால் நூல் இழுக்கும். கரிந்த வெல்லத்தின் வாடையும் லேசான புளிப்பும் கலந்து அடிக்கும். ஒரு டன் கரும்பு அரைத்தால் சுமார் 100 கிலோ சர்க்கரை, 40 முதல் 45 கிலோ மொலாசஸ், 300 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சக்கை. மொலாசஸில் ஏறக்குறையப் பாதி இன்னும் சர்க்கரைச் சத்துதான். உப்பும் பிசினும் கலந்து கிடப்பதால் மணியாக வராது. ஈஸ்ட்டுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தண்ணீர் விட்டு இளக்கி ஈஸ்ட் சேர்த்தால் சில மணி நேரத்தில் தொட்டி நுரை கட்டிப் பொங்கும். ஒன்றரை நாளில் அடங்கும். அதற்குள் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஆல்கஹால் உள்ள கரைசலாகியிருக்கும். அதற்கு ஆலையில் 'வாஷ்' என்று பெயர். அதை உயரமான கோபுரங்களில் வடித்தால் ஒரு டன் மொலாசஸிலிருந்து 220 லிட்டருக்கு மேல் எரிசாராயம் கிடைக்கும்.

இங்கே ஒரு தடை. எத்தனை முறை வடித்தாலும் 95 சதவீதத்தை ஒட்டி ஆல்கஹால் நின்றுவிடும். மிச்சத் தண்ணீர் அதோடு சேர்ந்தே ஆவியாகி, சேர்ந்தே குளிரும். மருந்துக்கும் வார்னிஷுக்கும் அது போதும். பெட்ரோலோடு கலக்க அது ஆகாது. தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் ஆல்கஹால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து டாங்க்கின் அடியில் தங்கிவிடும். அதனால் 99.5 சதவீதத்துக்கு மேல் உலர்த்தியாக வேண்டும். முன்பு பென்சீன் சேர்த்து வடித்தார்கள். இப்போது ஜியோலைட் என்ற துளைமணிகள் நிரம்பிய கோபுரத்தில் ஆவியை விடுகிறார்கள். தண்ணீர் மூலக்கூறு துளைக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய ஆல்கஹால் மூலக்கூறு நுழைய முடியாமல் தாண்டிப் போய்விடும்.

மொலாசஸ் இந்தியாவுக்கு ஒரு பிரச்சினையாக வந்தது 1932-க்குப் பிறகு. அந்த ஆண்டு வெளிநாட்டுச் சர்க்கரைக்கு எதிராகப் பாதுகாப்பு வரி போட்டார்கள். முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் நூற்றைத் தாண்டின. சர்க்கரை விற்றுவிட்டது, மொலாசஸ் குளம் குளமாகத் தேங்கியது. ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் ஆலையைச் சுற்றியிருந்த ஊர்கள் நாற்றம் தாங்காமல் முறையிட்டன. அலகாபாத் வேதியியல் பேராசிரியர் நீல் ரத்தன் தர், களர் நிலத்தில் மொலாசஸைப் பாய்ச்சினால் மண் திருந்தும் என்று சோதனை செய்து காட்டினார். சாலை போடக்கூட அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பெட்ரோலோடு கலக்கும் 'பவர் ஆல்கஹால்' பற்றி அவ்விரு மாகாணங்களும் கூட்டாகவே ஒரு விசாரணைக் குழு அமைத்தன. நமக்கு அண்டையில், மாண்டியாவில் 1933-இல் தொடங்கிய மைசூர் சர்க்கரைக் கம்பெனியும் ஆலையோடு ஒரு வடிப்பாலை கட்டிக்கொண்டது.

மதராஸ் மாகாணத்தில் அதே மொலாசஸுக்கு வேறு விதி காத்திருந்தது. 1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. அந்த அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலாயிற்று. கள்ளிலும் சாராயத்திலும் வந்த வருமானம் மாகாணத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு. அதை இழக்கத் துணிந்து, ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார் ராஜாஜி. பின்னாளில் தி.நகர் பஸ்லுல்லா சாலையில் குடியிருந்தபோதும் அவர் கடைசி வரை விட்டுக்கொடுக்காத கொள்கை இது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது முதுமையையும் பொருட்படுத்தாமல் அதை எதிர்த்தார். அவருடைய நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குடியால் அழிந்த வீடுகளைப் பார்த்தவர் யாரும் மதிப்பிட மாட்டார்கள். இங்கே சொல்ல வருவது, அந்தச் சட்டத்தின் நிழல் எரிபொருள் மேலும் விழுந்தது என்பதைத்தான்.

போர் வந்தது. 1941-இல் பெட்ரோலுக்கு ரேஷன். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததோடு பர்மா எண்ணெயும் போயிற்று. 1914-இல் எம்டன் கப்பல் குண்டு வீசி எரித்தது பர்மா எண்ணெய்க் கம்பெனியின் டாங்க்குகளைத்தான் என்பதை முந்தைய அத்தியாயங்களைப் படித்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த அளவுக்கு மதராஸ் பர்மாவை நம்பியிருந்தது. அந்த நெருக்கடியிலும் இங்கே பஸ்கள் மொலாசஸ் ஆல்கஹாலுக்குத் திரும்பவில்லை, கரிக்குத்தான் திரும்பின. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் செய்த 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' பஸ்ஸின் பின்னால் உருளையாக நிற்கும். அதில் கரியை அரைகுறையாக எரித்து வரும் வாயுவை இன்ஜினுக்கு விடுவார்கள். காலையில் அடுப்பு மூட்டி, துருத்தி சுழற்றி, அது பிடித்த பிறகுதான் வண்டி கிளம்பும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். கரி கிடைத்தது, கட்டுப்பாடு குறைவு, பட்டறையில் தகடு வளைக்கத் தெரிந்தால் போதும். வடிப்பாலைக்கு அந்த மூன்றும் பொருந்தாது.

1948-க்கு வருவோம். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் யோசனை தரும் ஆண்டு இதுதான். டெல்லியில் இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் நிறைவேறியது. பெட்ரோலோடு ஆல்கஹால் கலப்பதை நாடு தழுவிய கொள்கையாக ஆக்கிய சட்டம். அதே ஆண்டு காந்தி பிறந்த நாளில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அதே ஆண்டு அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் பிறந்தது. அந்த நிலையத்துக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று பிறகு தெரியும்.

ஆல்கஹாலை எரிபொருளாக நினைத்த சட்டமும் விஷமாக நினைத்த சட்டமும் ஒரே சரக்கின் மேல் உட்கார்ந்தபோது, தமிழ்நாட்டில் ஜெயித்தது இரண்டாவது. 1958-இல் மொலாசஸ் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. மறு ஆண்டு டிநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்கான விதிகள். எல்லாம் 1937 மதுவிலக்குச் சட்டத்தின் பிள்ளைகள். அந்த விதியின் தலைப்பிலேயே 'பிரெஞ்சுப் பாலிஷ்' என்ற சொல் இருக்கிறது. நாற்காலிக்குப் பூசும் பாலிஷை மதுவிலக்கு அதிகாரி ஏன் கணக்கெடுக்க வேண்டும்? குடித்தார்கள், அதனால். மொலாசஸ் ஒரு ஆலையிலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக அனுமதிச் சீட்டு, எரிசாராயத்துக்கு உரிமம், இருப்புப் பதிவேடு, பூட்டு, முத்திரை, சோதனை. இன்றைக்கும் அந்தக் கோப்புகள் சேப்பாக்கம் எழிலகத்தில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் மேசைக்குத்தான் போகின்றன. எண்ணெய் ஆணையர் என்று ஒருவர் அதைப் பார்ப்பதில்லை.

இந்தக் காவல் தேவையில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்ததை மறக்க முடியுமா? கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. தொண்டைக்குள் போனால் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். ஏமாந்து குடித்தவர்கள் கூலி வேலை செய்பவர்கள். எரிபொருளாகும் ஆல்கஹாலுக்குக் கடைசி லிட்டர் வரை கணக்கு இருந்தாக வேண்டும். ஆனால் கணக்கு வைப்பதும் கதவை அடைப்பதும் வேறு வேறு. ஐம்பது ஆண்டுகள் இரண்டையும் ஒன்றாகவே நடத்திவிட்டோம் என்பது என் எண்ணம்.

பவர் ஆல்கஹால் சட்டம் இருந்தும் நாட்டின் மற்ற பகுதிகளிலும் கலப்பு ஓங்கவில்லை. ஐம்பதுகளில் பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1969-இல் மணலியும் ஓடத் தொடங்கியது. பெட்ரோல் மலிவு. ஆல்கஹாலுக்கோ ரசாயனத் தொழிலில் நல்ல விலை: அசெட்டிக் அமிலம், செயற்கை ரப்பர், பிளாஸ்டிக். கழிவு என்று குளத்தில் கொட்டிய மொலாசஸுக்கு ஆள் ஆளுக்குக் கை நீட்டினார்கள். எரிபொருள் வரிசையில் கடைசி ஆள். அந்தச் சட்டம் தூங்கித் தூங்கி, 2000-இல் ரத்தாயிற்று.

இனி அடையாறு.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலருக்குத் தாவியது. 1975 நவம்பரில் பிரேசில் 'ப்ரோ-ஆல்கூல்' திட்டத்தை அறிவித்தது. 1979-இல் ஃபியட் 147 அங்கே முழு ஆல்கஹாலில் ஓடியது. பிரேசிலின் வழியை நாம் அப்படியே பின்பற்ற முடியாது. அங்கே தெருவில் ஓடியது பெட்ரோல் கார். நம்மூரில் பஸ், லாரி, வயல் பம்ப்செட் எல்லாம் டீசல். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும். ஆல்கஹால் அப்படிப் பற்றாது. தானே பற்றும் குணத்துக்குச் சீட்டேன் எண் என்று ஓர் அளவு உண்டு: டீசலுக்கு 45-க்கு மேல், எத்தனாலுக்கு 8, மெத்தனாலுக்கு அதற்கும் கீழே. டீசல் இன்ஜினுக்குள் ஆல்கஹாலைச் செலுத்தினால் நனைந்து புகைந்து வெளியே வரும்.

கிண்டி மான் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தின் இன்ஜின் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். பேராசிரியர்கள் பி.எஸ். மூர்த்தி, கே.வி. கோபாலகிருஷ்ணன், பி. நாகலிங்கம், அவர்களோடு சில ஆய்வாளர்கள். 1980-இல் அமெரிக்க ஆட்டோமோட்டிவ் பொறியாளர்கள் சங்கத்தில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை 'மேற்பரப்புப் பற்றவைப்பு' என்ற முறையை முன்வைத்தது. அதைச் சற்று விளக்கமாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அதன் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. சூட்டைத் தாங்கும், கடத்தாத ஒரு சிறு பலகைத் துண்டு. அதன் முகத்தில் சில சுற்று மின்கம்பி. அதை எரி அறையின் சுவரில், கம்பி உள்பக்கம் தெரியும்படி பதிக்கிறார்கள். எரிபொருளைப் பீய்ச்சும் முனையைத் திருப்பி, பீய்ச்சலில் ஒரு பகுதி நேராக அந்தச் சூடான கம்பியில் படும்படி வைக்கிறார்கள். பட்ட இடத்தில் ஆல்கஹால் பற்றுகிறது. அந்தச் சுடர் மீதி அறைக்குப் பரவுகிறது. ஒரு சிலிண்டருக்கு 6 வோல்ட்டில் சுமார் 50 வாட் போதும். வீட்டு குண்டு பல்பு தின்கிற மின்சாரம். டீசல் இன்ஜினை அடியோடு மாற்ற வேண்டாம். தலைப்பகுதியில் ஒரு துளையும் ஒரு பலகையும்தான் புதிது. மெத்தனாலில் ஓட்டியபோது செயல்திறன் டீசலுக்கு இணையாக இருந்தது. இன்றும் இன்ஜின் பாடநூல்களில் மேற்பரப்புப் பற்றவைப்பு என்ற தலைப்பின் கீழ் மாணவர்கள் படிக்கிறார்கள்.

அந்த இன்ஜின் பட்டறை தாண்டித் தெருவுக்கு வரவில்லை. கம்பியின் ஆயுள், ஆல்கஹாலின் அரிப்பு, பம்ப்பின் தேய்மானம் என்று தீர்க்க வேண்டிய வேலைகள் இருந்தன. எந்தப் புது இன்ஜினுக்கும் இருப்பவைதாம். ஆனால் தீர்க்கத் தூண்டுகிற சந்தை இல்லை. விவசாயி தன் பம்ப்செட்டுக்கு ஆல்கஹால் வாங்கப் போகும் கடை எது? தமிழ்நாட்டில் 1981-இல் மதுக்கடைகள் திரும்பின, 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. மொலாசஸ் சாராயத்துக்கு அதைவிடப் பெரிய வாடிக்கையாளர் யாரும் இல்லை. இன்ஜின் காத்திருந்தது, எரிபொருள் வேறு பாட்டிலுக்குள் போய்விட்டது. ஸ்வீடனில் ஸ்கேனியா கம்பெனி இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டது: பற்றுவதற்கு உதவும் ஒரு சேர்மானம், அதிக அழுத்தம். ஸ்டாக்ஹோமில் எண்பதுகளின் கடைசியிலிருந்து எத்தனால் பஸ்கள் ஓடின. 2014-இல் அதே வகைப் பஸ் ஒன்று நாக்பூருக்கு வந்தபோது செய்தித்தாள்கள் புதுமை என்று எழுதின. அடையாற்றுக் கட்டுரைக்கு அப்போது 34 வயது.

ஐ.ஐ.டி.யிலிருந்து தரமணிக்குப் பத்து நிமிட நடை. அங்கே முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் வேதிப் பொறியாளர் சி.வி. சேஷாத்ரி வேறொரு கோணத்தில் யோசித்துக்கொண்டிருந்தார். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் வேலையை விட்டு வந்தவர். ஸ்பைருலினா பாசி வளர்ப்பைக் கிராமப் பெண்கள் கைக்குக் கொண்டுபோனதில் அவர் பெயரைப் பலர் அறிவார்கள். ஆற்றலை அளக்கும் நம் கணக்கே இன்ஜினுக்குச் சாதகமாக எழுதப்பட்டது என்பது அவர் வாதம். இன்ஜினில் எரியாதது எல்லாம் தரம் குறைந்தது, வீண் என்று அந்தக் கணக்கு சொல்லிவிடும். மாட்டுக்கு வைக்கோல் தருகிற ஆற்றல் அதில் பதிவாகாது. இந்தத் தொடருக்காகப் பழைய கதைகளைத் தோண்டத் தோண்ட, சேஷாத்ரி தொட்டது இந்த விஷயத்தின் ஆணிவேர் என்று எனக்கு உறுதிப்பட்டது. உயிர்க்கழிவிலிருந்து எரிபொருள் என்று பேசும்போது முதலில் கேட்க வேண்டியது: இது யாருக்குக் கழிவு?

கரும்புச் சக்கையை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் கண்ணிகளைக் கோத்த சங்கிலி. 1819-இலேயே பிரான்சில் ஆன்ரி பிராக்கோனோ பழைய லினன் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். ஜெர்மானியர்களும் ரஷ்யர்களும் மரத்தூளிலிருந்து ஆல்கஹால் ஆலைகளே நடத்தினார்கள். அமிலம் இரும்பைத் தின்றது, செலவு ஏறியது. இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக்கின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மக்கிக் கிழிந்தன. காரணம் ஒரு பச்சைப் பூஞ்சை. எல்வின் ரீஸ், மேரி மாண்டெல்ஸ் இருவரும் பல ஆண்டு அதை ஆராய்ந்தார்கள். பூஞ்சை சுரக்கும் நொதி செல்லுலோஸை அமிலமில்லாமல், கொதிக்கவிடாமல் சர்க்கரையாக வெட்டுகிறது என்று தெரிந்தது. ரீஸின் பெயரிலேயே அதற்கு டிரைக்கோடெர்மா ரீசை என்று பெயர். கூடாரத்தைத் தின்ற அந்தப் பூஞ்சையின் வாரிசுகள்தான் இன்று வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளின் அடிப்படை.

இதைச் சக்கையில் செய்ய முடியும். ஆனால் தமிழ்நாட்டில் சக்கை எங்கே மிஞ்சுகிறது? பாதிக்கு மேல் கரும்பாலையின் சொந்தக் கொதிகலனில் எரிகிறது. அதிலேயே மின்சாரமும் எடுத்து விற்கிறார்கள். மீதிக்கு 1979-இல் அரசு தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் காத்திருக்கிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் ஆலை, கிண்டியில் தலைமை அலுவலகம். காடு வெட்டாமல் சக்கையிலிருந்து காகிதம் செய்ய வேண்டும் என்றே தொடங்கியது. சக்கை தரும் ஆலைகளுக்கு ஈடாக எரிபொருள் கொடுத்து வாங்கும் ஏற்பாட்டை அது கண்டுபிடித்தது. நம் பிள்ளைகள் எழுதும் நோட்டில் கரும்பு இருக்கிறது. அந்தச் சக்கையை ஆல்கஹாலாக்கினால் காகிதத்துக்கு மறுபடி மரம்தான்.

வைக்கோலும் அப்படியே. 2022 ஆகஸ்டு 10 அன்று பானிப்பட்டில் இந்தியன் ஆயிலின் இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலை திறக்கப்பட்டது. 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது இலக்கு. அங்கே அது பொருந்தும். நெல் அறுத்த கையோடு கோதுமை விதைக்கும் அவசரத்தில் பஞ்சாபும் ஹரியானாவும் தாளை எரிக்கின்றன. டெல்லி மூச்சுத் திணறுகிறது. காவிரி டெல்டாவில் வைக்கோலுக்கு விலை இருக்கிறது. அறுவடை இயந்திரம் போன பின்னாலேயே கட்டு கட்டும் இயந்திரம் வருகிறது, அதன் பின்னால் கேரளத்து லாரி. மாடு வைத்திருப்பவர் வீட்டு வாசலில் வைக்கோல் போர் வெறும் மிச்சமில்லை. கோடையைத் தாண்டும் கையிருப்பு. பானிப்பட்டை அப்படியே தஞ்சாவூரில் நட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன்.

பங்க்குக்கு எத்தனால் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2003 ஜனவரியில் ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு அறிவிக்கப்பட்டது. பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. மழை பொய்த்து மொலாசஸ் தட்டுப்பாடு வரவே மறு ஆண்டே தளர்ந்தது. 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கைக்குப் பிறகுதான் வேகம். 2022-இல் நாடு 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-இல் 20. தமிழ்நாடு 2023-இல் தனக்கென எத்தனால் கலப்புக் கொள்கை வெளியிட்டது. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பங்க்குகளில் மழைக்கால அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: எத்தனால் கலந்த பெட்ரோல், டாங்க்கில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளவும். வடபழனியிலோ வேளச்சேரியிலோ முழங்கால் தண்ணீரில் வண்டி நிறுத்த நேர்ந்தவர்களுக்கு அந்த அறிவிப்பின் வேதியியல் மேலே சொன்ன 99.5 சதவீதத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் கொஞ்சம் இறங்குவதும் அதனால்.

சட்டத்தின் கதையும் தொடர்ந்தது. 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹால் மாநிலத்தின் மது அதிகாரத்துக்குள் வராது என்றது. 2024 அக்டோபர் 23 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் திருப்பியது: போதை தரும் மது என்ற சொல்லுக்குள் தொழிற்சாலை ஆல்கஹாலும் அடங்கும், மாநிலம் கட்டுப்படுத்தலாம். நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். எழிலகத்துப் பதிவேடு இனியும் எழிலகத்திலேயே இருக்கும். மாநில உரிமை என்ற வகையில் தீர்ப்பை வரவேற்கிறேன். ஆனால் பொறுப்பும் சேர்ந்தே வந்திருக்கிறது. மதுவுக்கும் மோட்டாருக்கும் ஒரே அதிகாரி என்றால், மோட்டாருக்கான கோப்பு மதுவுக்கான கோப்பின் அடியில் கிடக்கக்கூடாது.

என் பெரிய கவலை வேறு. இலக்கு ஏற ஏற, மொலாசஸ் போதவில்லை. கரும்புச் சாறே நேராக வடிப்பாலைக்குப் போனது. 2023 டிசம்பரில் சர்க்கரை குறையும் என்று பயந்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். பிறகு மக்காச்சோளம், இந்திய உணவுக் கழகத்து அரிசி. தமிழ்நாட்டில் கரும்புப் பரப்பு சுருங்கி ஆலைகள் மூடிக் கிடக்கும் நிலையில், தானியம்தான் எளிய வழி. மக்காச்சோள விலை ஏறியதும் முதலில் குரல் கொடுத்தவர்கள் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள். கோழித் தீவனம் ஏறினால் சத்துணவு முட்டை வரை அது வரும். கழிவிலிருந்து எரிபொருள் என்று தொடங்கிய பயணம் தட்டில் இருப்பதை நோக்கித் திரும்பியிருக்கிறது. அதை முன்னேற்றம் என்று என்னால் எழுத முடியாது.

அப்படியானால் யாருக்கும் உதவாத, யாரும் உரிமை கேட்காத கழிவு என்று ஒன்று இந்த ஊரில் உண்டா? உண்டு. கொத்தவால்சாவடி 1996-இல் இடம்பெயர்ந்த கோயம்பேடு சந்தையில் தினமும் குவியும் முட்டைக்கோஸ் இலை, வாழை மட்டை, அழுகிய தக்காளி. கபாலி கோயில் மாடவீதியின் பூச்சருகு. பாண்டி பஜார் ஓட்டல்களின் இலையெச்சம். மாடு தின்றது போக மீதி குப்பை மேட்டுக்குத்தான் போகும். ஆனால் இதில் நூற்றுக்குத் தொண்ணூறு தண்ணீர். நொதிக்கவிட்டால் இரண்டு மூன்று சதவீத ஆல்கஹாலுக்கு மேல் தேறாது. அத்தனை தண்ணீரையும் சூடாக்கி அதைப் பிரிக்க, கிடைக்கும் ஆல்கஹாலைவிட அதிகம் எரிக்க வேண்டிவரும். அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் தோல் பதனிடும் கழிவுநீரோடு போராடிக் கற்ற பாடம் இங்கே கைகொடுத்தது. ஆல்கஹாலை விட்டுவிட்டு, காற்றில்லாத தொட்டியில் நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்தால் மீத்தேன் தானே மேலே வரும், வடிக்க வேண்டியதில்லை. 2000-களின் நடுவில் அவர்களுடைய தொழில்நுட்ப ஆலோசனையோடு கோயம்பேட்டில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவை வாங்கிக் கால் மெகாவாட் மின்சாரம் தரும் நிலையம் எழுந்தது. அந்தத் தொட்டிக்குள் என்ன நடந்தது, பிரிக்காத குப்பை அதை என்ன பாடுபடுத்தியது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)